கண்ணாடித் தாள்

மார்ச் 24, திங்கள்

கம்பெனியில் டைரி கொடுத்தார்கள். ஜனவரியில் கொடுக்க வேண்டியது, அச்சகத்தில் தாமதமாம். மூன்று மாதப் பக்கங்கள் வெறுமையாகவே போய்விட்டன. பரவாயில்லை, இன்றிலிருந்து எழுதுகிறேன்.

நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகப் போகிறது. மே மாதத்தோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குள் நிரந்தரம் என்று கடிதம் வர வேண்டும். வராவிட்டால் ஊருக்குத்தான். எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் ஆள் நான். திரும்பிப் போகிறவளை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அப்பாவை எப்படிப் பார்க்கும் என்பதும் தெரியும்.

ஹாஸ்டலில் இன்று தண்ணீர் இல்லை. துணி ஊற வைத்தபடியே கிடக்கிறது.

மார்ச் 27, வியாழன்

யாராவது என் வேலையைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வரமாட்டேன் என்கிறது. இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

நாங்கள் செய்வது கிராபிக்ஸ் வேலைக்கான பெரிய கம்ப்யூட்டர்கள். சுவரிலிருந்து வரும் கரண்ட் பன்னிரண்டு வோல்ட்டாக மதர்போர்டுக்குள் நுழைகிறது. பிராசஸருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதைக் குறைத்துக் கொடுப்பவை பிராசஸரைச் சுற்றி வரிசையாக இருக்கும் கறுப்புச் சில்லுகள். மாஸ்பெட் என்பார்கள். விரல் நகத்தில் பாதிகூட இல்லை. மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது கொதிப்பவை அவைதான். முன்பெல்லாம் பிராசஸர் மேல் இருக்கும் விசிறியின் காற்றில் கொஞ்சம் இவற்றின் மேலும் படும். இப்போது தண்ணீர் ஓடும் கூலர் மாட்டுகிறோம். பிராசஸர் குளிர்ச்சியாக இருக்கிறது, பக்கத்தில் இருப்பவற்றுக்குக் காற்றே இல்லை. அதனால் அவற்றின் மேல் அலுமினியக் கட்டை வைக்கிறோம். போர்டுக்கு இரண்டு. கட்டைக்கும் சில்லுக்கும் நடுவே தெர்மல் பேட் என்று மெத்தென்ற ஒரு பட்டை. சூட்டைக் கட்டைக்குக் கடத்துவது அதுதான்.

பேட்டின் ஒரு பக்கம் நீலத் தாள் ஒட்டியிருக்கும். மறு பக்கம் கண்ணாடித் தாள். நான் நீலத்தை உரித்துப் பேட்டைக் கட்டையில் ஒட்ட வேண்டும். அருளப்பன் அண்ணன் கண்ணாடித் தாளை உரித்துவிட்டுக் கட்டையைப் போர்டில் வைத்து முடுக்க வேண்டும். பணித்தாளில் அப்படித்தான் இரண்டு கையெழுத்துக் கட்டம் இருக்கிறது.

மார்ச் 29, சனி

அருளப்பன் அண்ணனுக்கு என்னைக் கண்டால் கேலி. "டிகிரி வந்திருச்சு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கடா" என்பார் காலையில். ஐ.டி.ஐ. படித்தவர், இங்கே பதினோரு வருடம். நான் பதிலுக்குத் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். "அம்முணிக்கு வாயே இல்லை. எதைக் கேட்டாலும் தலைதான் பேசுது" என்பார்.

அவர் திருகாணி முடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கண் வேறெங்கோ இருக்கும், கை தானாகப் போய் ஓட்டையில் நிற்கும். நன்றாகத் தேர்ந்த கை என்று நானும் நினைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒரு நாள் கண்ணாடித் தாளை உரிக்காமலே கட்டையை வைக்கப் போனார். நான் கையை நீட்டி உரித்தேன். அவர் அப்படியே வைத்து முடுக்கினார். மறுநாள் பேட் ஒட்டிய கட்டைகள் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார்.

"ரெண்டு பக்கமும் நீயே உரிச்சு வெச்சுரு அம்முணி. எனக்குச் சக்கரை. அந்தத் தாளு இருக்குதா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது."

"சரிங்கண்ணா."

"மேனேஜர் சாருக்குத் தெரிய வேண்டாம்."

தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து கனமான கூலர் பெட்டிகளை எனக்காக அவர் தூக்கி வைக்கிறார். இதை நாங்கள் அதற்குமேல் பேசிக்கொண்டதில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெரிய ஆர்டர். சென்னையில் ஒரு கிராபிக்ஸ் ஸ்டூடியோ, இருபத்து நான்கு மெஷின். மேனேஜர் ரகுநந்தன் சார் எல்லாரையும் கூப்பிட்டு, நாளையிலிருந்து ஒரு நாளைக்கு எட்டு போர்டு வேண்டும் என்றார். என்னைப் பார்த்து, "உன் பேரு கோகிலவாணிதானே? இதை நல்லா முடிச்சுட்டா உன் லெட்டர் விஷயம் நான் பேசறேன்" என்றார்.

ஏப்ரல் 9, புதன்

எட்டு முடிந்தது. கண்ணாடித் தாள் ஒரு தொல்லை. உரித்தால் கையில் ஒட்டும், உதறினால் சட்டையில் ஒட்டும். ஹாஸ்டலுக்கு வந்து தலை வாரும்போது சீப்பில் ஒன்று வந்தது. பதினாறையும் தட்டிலிருந்து சுரண்டி எடுக்கக் கால் மணி நேரம்.

ஏப்ரல் 10, வியாழன்

எட்டு. ரசம் புளித்திருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

எட்டு முடிந்தது. மொத்தம் இருபத்து நான்கு. இன்று போர்டுகள் மதியம்தான் வந்தன, எட்டும் அதற்குப் பிறகு செய்தவை.

மதியம் ஊரிலிருந்து தெரிந்தவர் ஒருவர் வந்திருந்தார். முன்கூட்டிச் சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வாட்ச்மேன் உள்ளே வந்து, "யாரோ உன்னைக் கேக்கறாரும்மா, கையெல்லாம் சாயமா இருக்குது, உள்ள விடட்டுமா?" என்றார். தெரிஞ்சவங்கதான், எதிரே டீக்கடையில் உட்காரச் சொல்லுங்கள் என்றேன். என் மேஜை ஜன்னலிலிருந்து டீக்கடை பெஞ்சு தெரியும். இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து ரோட்டைத் தாண்டி வருவதுபோல் இரண்டு முறை வந்தார். வந்துவிடுவாரோ என்று இருந்தது. வரவில்லை.

ஐந்தரைக்கு முறுக்குப் பையைக் கொடுத்துவிட்டு, "உள்ள ஏ.சி.யா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்து தட்டைத் துடைத்தேன். இன்று தட்டில் நீலத் துணுக்குகள் மட்டும். ஒரே தள்ளில் குப்பைக்கூடையில் விழுந்துவிட்டன. அந்த வேலையாவது சுலபமாக இருந்தது.

முறுக்கு நன்றாக இருக்கிறது. பாதியை அறைத் தோழிக்குக் கொடுத்தேன். யார் கொண்டுவந்தது என்றாள். ஊரிலிருந்து என்றேன்.

ஏப்ரல் 12, சனி

சோதனை. ஒவ்வொரு மெஷினையும் அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பிராசஸர் வெப்பத்தைத் தாளில் எழுத வேண்டும். எல்லாம் எழுபதுக்குள் வந்தது. இருபத்து நான்கும் பாஸ்.

மேஜையில் பெட்டியைத் திறந்து வைத்து, ஏ.சி. காற்றில் ஓட்டுகிறோம். பதினெட்டாம் மெஷினை நகர்த்தும்போது போர்டின் பின்பக்கம் கை பட்டது. சுட்டது. பத்தொன்பதும் அப்படித்தான். முதல் பதினாறில் அப்படி இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் அவற்றை நான் தொட்டுப் பார்க்கவில்லை. தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பிராசஸருக்கு மட்டும்தான் கட்டம். ஆறு மணிக்கு லாரி வந்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று, விடுமுறை. அம்மா போனில் பேசினாள். "உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிட்டிருக்குது. புள்ளையோட ஆபீசு கண்ணாடி பில்டிங்கு, உள்ள பூரா ஏ.சி.ன்னு. நீ உள்ள கூட்டிட்டுப் போயி எல்லாத்தையும் காட்டுனியாமா?"

நான் ஆமாம் என்றேன்.

மே 5, திங்கள்

சென்னையிலிருந்து புகார். சில மெஷின்கள் நாற்பது நிமிடம் ஓடியதும் நத்தைபோல் ஆகிவிடுகின்றனவாம், பிறகு தானாக அணைகின்றனவாம். இரண்டில் புகை வந்திருக்கிறது. ஒரு படத்துக்கான வேலை பாதியில் நிற்கிறது. அங்கே அந்த அறையில் ஏ.சி. போதாது, மே மாதம். ரகுநந்தன் சார் போனை வைத்துவிட்டு எங்களிடம் வந்து சொன்னார்.

எத்தனை மெஷின் என்று அருளப்பன் அண்ணன் கேட்டார். எட்டு என்றார் சார்.

மே 7, புதன்

எட்டும் லாரியில் திரும்பி வந்தன. சார் முன்னால் வைத்து அருளப்பன் அண்ணனே முதல் மெஷினைக் கழற்றினார். கட்டை எளிதில் வரவில்லை. வந்தபோது அடியில் பேட் இருந்தது. பேட்டின் மேல் கண்ணாடித் தாள் இருந்தது, சூட்டில் சுருங்கி, ஓரம் பழுப்பாகி. இரண்டாவதிலும் அப்படியே. புகை வந்த போர்டில் மூன்று சில்லுகள் வெடித்துத் தாள் அவற்றோடு உருகி ஒட்டியிருந்தது.

எட்டையும் கழற்றினோம். பதினாறு தாள்.

சார் பணித்தாள்களை எடுத்துவரச் சொன்னார். பதினேழு முதல் இருபத்து நான்கு வரை. தாள் உரித்துக் கட்டை மாட்டியவர்: அருளப்பன். எட்டுத் தடவை அவர் கையெழுத்து, கொஞ்சம் கோட்டுக்கு மேலே ஏறி.

"என்னய்யா இது?" என்றார் சார்.

அருளப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். பிறகு, "அவசரத்துல உட்டுட்டனுங்க" என்றார்.

"எட்டுலயுமா?"

"எட்டுலயுந்தானுங்க."

பணித்தாளின்படி அது அவர் வேலைதான்.

மே 8, வியாழன்

அருளப்பன் அண்ணனை நிறுத்திவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போனார். நான் அப்போது பாத்ரூமில் இருந்தேன். வரும்போது அவர் ஸ்டூல் காலியாக இருந்தது.

மே 9, வெள்ளி

ஸ்டூடியோவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். "நீதான் டிகிரி ஆச்சே, இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுது" என்றார் சார். எழுதினேன். வெப்பக் கணக்கைப் போட்டேன். அதே போர்டை, அதே கட்டையை, பெட்டியை மூடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம்: தாள் இருந்தால் சில்லுப் பகுதி நூற்றுப் பதினான்கு டிகிரி. தாளை எடுத்தால் எண்பத்தொன்று. மேலே சின்ன விசிறி ஒன்று வைத்தால் அறுபத்து மூன்று.

நான் எழுதியதில் யார் பெயரும் இல்லை. அருளப்பன் அண்ணன் பெயரைச் சார் சேர்த்து, நீக்கப்பட்டார் என்றும் சேர்த்து, அச்சடித்துக் கொண்டுவந்தார். தயாரித்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். "ஒரு தப்புகூட இல்லையே உன் இங்கிலீஷ்ல" என்றார்.

மே 12, திங்கள்

சோதனைத் தாளில் இப்போது புதுக் கட்டம் வந்துவிட்டது: பவர் பகுதி வெப்பம், அந்தச் சில்லுகளுக்கு. ஒரு மணி நேரம், பெட்டியை மூடி, ஏ.சி.யை அணைத்து. யோசனை என்னுடையது என்று சார் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். யாரும் கை தட்டவில்லை. கூலர் பெட்டியை நானே தூக்கி வைத்தேன்.

மே 14, புதன்

தலைவலி. ஒன்றும் எழுதவில்லை.

மே 20, செவ்வாய்

மாலையில் பஸ் ஸ்டாப்பில் அருளப்பன் அண்ணன் நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்று "அண்ணா" என்று கூப்பிடும்வரை அவருக்கு நான் என்று தெரியவில்லை. முன்பு இத்தனை மோசமாக இல்லை. அல்லது நான் கவனித்ததில்லை.

"டிகிரியா? வா வா. உன்னப் பாக்கத்தான் நின்னுட்டிருக்கேன். என்ற ஸ்க்ரூ டிரைவர் மஞ்சப்பிடி போட்டது, டிராயர்ல கிடக்கும். எடுத்துக் குடுத்துர்றியா? உள்ள வர ஒரு மாதிரி இருக்குது."

நாளை கொண்டுவருகிறேன் என்றேன். இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். சிங்காநல்லூரில் யு.பி.எஸ். கடை. பேட்டரிக்கு ஒயர் மாட்டும் வேலை.

"கையில தடவுனாலே தெரிஞ்சுரும் அம்முணி. பிளஸ் எது, மைனஸ் எதுன்னு குமிழுல வித்தியாசம் இருக்குது. எப்படியோ ஓடுது. பெரியவ பிளஸ் டூ, இன்னும் ஒரு வருசம் ஓட்டிட்டாப் போதும்."

பஸ் இரண்டு போனது. நாங்கள் ஏறவில்லை.

"இப்ப யாரு உரிக்கறா?" என்றார்.

"நான்தானுங்கண்ணா."

"அப்பவும் நீதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல் சொன்னார்.

"அன்னைக்கு நானும் சொல்லியிருக்கலாம். சொன்னா எதுக்கு அந்தப் புள்ளை உரிக்குதும்பாங்க. அவசரத்துல உட்டவனுக்கு வேற கடையில வேலை குடுப்பாங்க அம்முணி. கண்ணு தெரியாதவனுக்கு எவன் குடுப்பான்? கண்ணு சமாச்சாரம் மட்டும் வெளிய உட்டுராத. அது போதும் எனக்கு."

தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா எனக்குத் தெரியாது. வாயத் தொறந்து சொல்லு."

"சொல்ல மாட்டேனுங்கண்ணா."

மே 21, புதன்

மஞ்சள்பிடி ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

மே 23, வெள்ளி

ஏப்ரல் 11-ஆம் தேதிப் பக்கத்தை இன்று எடுத்துப் படித்தேன். "இன்று தட்டில் நீலத் துணுக்குகள் மட்டும்." என் கையெழுத்து. அன்று மாலையே எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? சனிக்கிழமை போர்டு சுட்டபோதும் தோன்றவில்லையா? இதற்குப் பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தில் இன்னொரு பொய்யும் இருக்கிறது. அவர் தெரிந்தவர் இல்லை. என் அப்பா. சாயப்பட்டறையில் ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். எவ்வளவு கழுவினாலும் அந்த நீலம் போகாது. ஜன்னல் வழியே மூன்று மணி நேரம் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ரோட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று. கை பாட்டுக்கு வேலை செய்தது.

மே 26, திங்கள்

சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சார் அறைக்குப் போனேன். நேற்று முழுக்க மனதில் சொல்லிப் பார்த்த இரண்டே வாக்கியம்தான். "சார், அந்த எட்டு போர்டுல தாள் உரிக்காம விட்டது அருளப்பன் அண்ணன் இல்லை. நான்."

சார் பேனாவை மூடினார். "பணித்தாள்ல அவன் கையெழுத்து இருக்கே?"

"நான்தான் உரிச்சுக் குடுப்பேன், சார். அன்னைக்கு மறந்துட்டேன்."

"அவன் வேலையை நீ எதுக்குச் செய்யணும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்பில் அவரே சொல்லியிருந்தார். என்னைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டு போயிருந்தேன். நின்றேன்.

"சோம்பேறித்தனமா? உன்மேல வேலையைத் தள்ளுனானா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"குடிச்சுட்டு வந்தானா?"

இல்லை.

சார் அலமாரியைத் திறந்து அந்தப் பணித்தாள்களை எடுத்தார். கோட்டுக்கு மேலே ஏறிப் போன கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கண்ணா?"

நான் வாய் திறக்கவே இல்லை. ஆனால் தலை ஆடியது.

என் எதிரிலேயே சிங்காநல்லூர் யு.பி.எஸ். கடைக்காரருக்குப் போன் போட்டார். "செந்தில், அருளப்பன் உன்கிட்டத்தானே இருக்கான்? ஆமா, நல்ல வேலைக்காரன்தான். ஆனா கண்ணு போயிருச்சாம்ப்பா, இப்பத்தான் தெரியுது. பேட்டரிப் பக்கம் விட்டுராத. மாத்தி மாட்டி வெடிச்சுதுன்னா உன் தலையிலதான் விழும். அவனுக்கும் ஆபத்து." குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உண்மையிலேயே கவலைப்பட்டுத்தான் பேசினார்.

போனை வைத்துவிட்டு என்னிடம், "நல்லவேளை சொன்ன. அறிக்கை அப்படியே இருக்கட்டும். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்பப் போய் மாத்துனா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றார். கதவருகே போனதும் கூப்பிட்டார். "கோகிலவாணி. தானா வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். அது எனக்குப் பிடிச்சிருக்கு."

மே 30, வெள்ளி

கடிதம் வந்தது. ஜூன் ஒன்று முதல் நிரந்தரம். கீழே ரகுநந்தன் சார் கையால் இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: நேர்மையானவர்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். கடிதத்தை முழுதாகப் படிக்கச் சொன்னார். படித்து அர்த்தம் சொன்னேன். அந்தக் கடைசி வரியை மட்டும் சொல்லவில்லை. அப்பா, "ஒரு நாளு ஆபீசுக்குள்ள வந்து பாக்கட்டுமா சாமி? கையக் காலக் கழுவிட்டு, நல்ல சட்டை போட்டுட்டு வாரேன்" என்றார்.

உள்ளே போய்ப் பார்த்ததாகத் தெருவெல்லாம் சொன்னவர். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் பார்த்தார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

"வாங்கப்பா" என்றேன்.

ஜூன் 2, திங்கள்

மதியம் அருளப்பன் அண்ணன் நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார்.

"அவரு தூங்கறாருங்க. வேலைக்கெல்லாம் போறதில்லை. புதன்கிழமையே நிறுத்திட்டாங்க. கண்ணு செரியில்லைன்னு யாரோ சொல்லிப்போட்டாங்களாம். காந்திபுரத்துல ரெண்டு கடையில கேட்டாரு, அங்கயும் தெரிஞ்சிருக்குது. நீங்க யாருங்க பேசறது?"

"தெரிஞ்சவங்கதானுங்க" என்றேன்.

"எந்திரிச்சா யாரு கூப்பிட்டதுன்னு சொல்லட்டுங்க?"

போனை வைத்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

அருளப்பன் அண்ணன் ஸ்டூலில் இப்போது நான் உட்காருகிறேன். பேட்டும் நான், கட்டையும் நான். பணித்தாளில் இரண்டு கட்டத்திலும் என் கையெழுத்து.

இன்று எட்டு போர்டு. வேலை முடிந்து தட்டைக் கொட்டி எண்ணினேன். நீலம் பதினாறு. கண்ணாடி பதினாறு. சரியாக இருந்தது. திரும்ப எண்ணினேன்.